நடுங்கிய கைகளுக்கு நலம் தந்த ரூபி அம்மையாருக்கு

முப்பத்தோராண்டுகள் முன்வாசல் மேசையில் அமர்ந்து, முந்நூறு பேருக்கு நாள்தோறும் வழித்தடம் வகுத்துத் தந்த வல்லமையே! அதட்டலில் இடியாகவும் அரவணைப்பில் மழையாகவும் எங்களுக்கு வாய்த்த அன்னையே! பேருந்துப் பணிமனையின் பணி ஒதுக்கீட்டுப் பிரிவுக் கண்காணிப்பாளர், பண்பில் பழுதறியாத திருமதி ரூபி ஆரோக்கியதாஸ் அவர்களே! தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நன்னாளில், நெஞ்சம் நிமிர்ந்து, நன்றி ததும்ப, ஓட்டுநரும் நடத்துநரும் பணிமனைத் தொழிலாளரும் ஒன்றுகூடி வாசித்தளிக்கும் மடல் இது.

இடி என்று எழுதியது அழகுக்காக அன்று. தீபாவளி வாரத்தில் விடுப்புக் கேட்டுத் தங்கள் மேசைக்கு வந்தவர் எவரும் சிரித்துக்கொண்டு திரும்பியதில்லை. ஆயினும், கையெழுத்துப் போடும் அந்த அரை நிமிடத்திலேயே எங்கள் முகங்களைப் படித்துவிடும் கண்கள் தங்களுடையவை. சாப்பிடாமல் வந்தவர் யார், வீட்டில் சண்டையிட்டு வந்தவர் யார், சிரிப்பதுபோல் நடிப்பவர் யார் என்பதைக் கண்டு, அதற்கேற்ப எங்கள் வேலையை மாற்றி அமைத்தீர்கள். காரணத்தை ஒருநாளும் பிறர் முன் சொன்னதில்லை.

இப்படியே புகழை அடுக்கிக்கொண்டு போகலாம் என்றுதான் இருந்தோம். ஓட்டுநர் பெருமாள்சாமி தடுத்துவிட்டார். தம் கதையை எழுதினால் போதும், பெயரையும் மறைக்க வேண்டாம் என்றார். அவர் விருப்பப்படியே எழுதுகிறோம்.

ஆறாண்டுகளுக்கு முன், கார்த்திகை மாத மழையில், கொடைக்கானல் மலையிலிருந்து அவர் பேருந்தை இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு வளைவில் பெரும்பாறை உருண்டு வந்து வண்டிக்கு முன்னே விழுந்தது. அவர் வண்டியை ஒடித்து நிறுத்தியபோது முன்சக்கரம் தடுப்புச் சுவரைத் தொட்டு நின்றது. ஐம்பத்திரண்டு பயணிகளுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மாலை போட்டோம், படம் எடுத்தோம், மறுவாரமே அதே மலைக்கு அவர் கிளம்பியபோது கைதட்டி வழியனுப்பினோம். "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்க எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

அதன்பின் அவர் அடிக்கடி விடுப்பெடுத்தார். முழங்கால் வலி என்றார், காய்ச்சல் என்றார். கள்ள லீவு போடுகிறார் என்று பேசினோம்; நாக்கூசாமல் பேசினோம் என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அடுத்து வரவிருந்தது பணியிடை நீக்கம்.

தாங்கள் மட்டும் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தீர்கள். வடமதுரைக்கு வண்டி ஓட்டும் நாட்களில் அவருக்கு முழங்கால் வலிக்கவே இல்லை. மலைக்குப் போகும் நாட்களில் மட்டுமே வலித்தது. அவரைக் கேண்டீனுக்கு அழைத்துப்போய் எதிரே அமர்ந்தீர்கள். தேநீர் ஆறும்வரை தாங்கள் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவர் சொன்னார்: "அந்த வளைவை நினைச்சாலே கை வெடவெடன்னு நடுங்குது மேடம். எம்புட்டு அடக்குனாலும் அடங்க மாட்டேங்குது. வீட்ல அய்யம்மாகிட்டகூடச் சொல்லல."

அன்றே மலைப்பாதையிலிருந்து அவரை விடுவித்தீர்கள். மேலதிகாரியிடம் பேசி நடவடிக்கையை நிறுத்தி வைத்தீர்கள். அடுத்த புதன்கிழமை மனநல மருத்துவரிடம் தாங்களே அழைத்துப் போனீர்கள். தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்று ஒரு தெரு முன்னதாகவே ஆட்டோவை விட்டு இறங்கி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தாராம் பெருமாள்சாமி. உள்ளே நுழைந்ததும் அங்கிருந்த செவிலியர் தங்களைப் பார்த்து, "ரூபிக்கா, நல்லாருக்கீகளா? பாத்து எம்புட்டு நாளாச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் பெருமாள்சாமி முகத்திலிருந்து துண்டை எடுத்தார்.

நாங்கள் அறிந்தது அதற்குப் பத்து நாள் கழித்து. மதியச் சாப்பாட்டு வேளையில் பெருமாள்சாமியின் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டை நழுவி விழுந்தது. ஒருவர் எடுத்துப் பெயரைப் படித்தார். லூசு மாத்திரை என்றார். மேசை முழுதும் சிரித்தது. பெருமாள்சாமி கை கழுவ எழுந்தார். அப்படியே வேலையையும் விட்டுவிட்டுப் போய்விடுவது என்று அந்த நேரத்தில் முடிவெடுத்திருந்ததாகப் பின்னாளில் சொன்னார்.

அடுத்த மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தாங்கள் எழுந்து நின்றீர்கள். குரலை உயர்த்தவில்லை. "எங்க வீட்டுக்காரரு செத்தப்புறம் எட்டு மாசம் நானும் இந்த மாதிரி மாத்திரை சாப்பிட்டவதான். அந்த எட்டு மாசமும் உங்க எல்லாருக்கும் டூட்டி போட்டது யாரு? ஒரு வண்டியாச்சும் தப்பாப் போச்சா?"

பெயரைப் படித்துச் சிரித்தவரே அட்டையைத் துடைத்துக் கொண்டுபோய்ப் பெருமாள்சாமியின் கையில் கொடுத்தார். அந்த வாரத்திற்குள் மூன்று பேர் தனித்தனியே தங்கள் மேசைக்கு வந்து, அந்த மருத்துவரை என்றைக்குப் பார்க்கலாம் என்று கேட்டோம். ஆம், கேட்டோம். இந்த மடலில் கையெழுத்திட்டவர்களுள் அந்த மூவரும் உண்டு.

நான்கு மாதச் சிகிச்சைக்குப் பின், மலையில் வண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். முதலில் வத்தலக்குண்டு வரை ஓட்டினார். பிறகு பாதி மலை. முழு மலையும் ஏறிய நாளில் தாங்கள் விடுப்பெடுத்து, பயணச்சீட்டு வாங்கி, முன் இருக்கையில் அமர்ந்தீர்கள். தைரியம் சொல்லப் போனவருக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. நான்காம் வளைவிலேயே வாந்தி தொடங்கிவிட்டது. நடத்துநர் ஜமால் முகமது எலுமிச்சம்பழம் கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார், பயணிகள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பாறை விழுந்த வளைவு வந்தபோது தாங்கள் நெகிழிப் பைக்குள் முகம் புதைத்திருந்தீர்கள்.

கீழே வந்ததும், கை நடுங்கியதா என்று பெருமாள்சாமியிடம் கேட்டோம். "நடுங்குச்சு. ஆனா வண்டி என் சொல்லைக் கேட்டுச்சு. மேடத்தைப் பத்திரமா இறக்கணுமேன்னுதான் எனக்கு நினைப்பு" என்றார். அன்று பணிமனையே சிரித்தது. அவரும் சிரித்தார், வாடிய முகத்தோடு தாங்களும் சிரித்தீர்கள்.

கருணை மிக்கவரே! இன்று நம் பணிமனையில் மனம் சரியில்லை என்பதும் காய்ச்சல் என்பதும் ஒரே குரலில் சொல்லப்படுகின்றன. சம்பளம் வாங்கிய மாலையில் கேரம் பலகையைச் சுற்றி நாங்கள் போடும் கூச்சல் தாங்கள் தொடங்கி வைத்தது. வீட்டுக்கு எரிச்சலைக் கொண்டுபோகாமல் அங்கேயே கத்தித் தீர்க்கச் சொன்னீர்கள். தீர்க்கிறோம்.

ஒன்றை மட்டும் தங்கள் அனுமதியின்றி எழுதுகிறோம். பக்கத்து மேசை கௌசல்யாவிடம் சென்ற வாரம், "திங்கக்கிழமை காலையில எந்திரிச்சு என்ன செய்யன்னு தெரியலம்மா, பயமா இருக்கு" என்றீர்களாம். கௌசல்யா எங்களிடம் சொல்லிவிட்டார். மறைக்காமல் சொல்வதைத் தங்களிடம் கற்றவராயிற்றே, அவரைக் கோபிக்காதீர்கள்! நாங்கள் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டோம். வாரத்தில் மூன்று நாள் காலையில் மலைக்கோட்டை அடிவாரத்தில் கௌசல்யாவோடு நடை. புதன்கிழமை பேகம்பூரில் ஜமால் முகமது வீட்டில் மதிய விருந்து. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பெருமாள்சாமியின் மனைவி அய்யம்மாள் வந்து தம் வீட்டுக்கு அழைத்துப் போவார். பெருமாள்சாமி சமதரையில்தான் ஓட்டுவார் என்று வாக்களித்திருக்கிறார்.

உடல் உரமும் உள்ளத் தெளிவும் குன்றாது, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ, பல்லாண்டு தாங்கள் வாழ்க! மனம் சோரும் நாளும் வரும். அந்நாளில் முதல் அழைப்பு எங்களுக்கே வருக!

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கௌசல்யா தங்கள் வாசலில் நிற்பார். செருப்பு வேண்டாம், கேன்வாஸ் ஷூ வாங்கி வையுங்கள்.

அன்பிலும் நன்றியிலும் என்றும் குறையாத,
பணிமனைத் தொழிலாளர் அனைவரும்

திண்டுக்கல்
31.05.2025