முதுகுத் தையல்

— அம்மா, தாத்தாவோட பட்டாளக் கோட்டு இருக்கே, அதை முதுகுல பிரிச்சுக் குடு. ரெண்டு அங்குலம் அகலம் வேணும்.

— என்னடி கேட்ட? அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? நாற்பது ஸ்கூல் யூனிஃபார்ம் கிடக்கு. காஜா எடுக்கறதுன்னா உட்காரு, இல்லன்னா வெளிச்சத்தை மறைக்காத.

— ஞாயித்துக்கிழமை அவர் வந்து மாமா முன்னாடி அதைப் போடணும். பேக்கரில மாவு பிசையுற தோள். டர்ருனு கிழியும்.

— கிழிஞ்சா போகட்டும், வேற மாப்பிள்ளை. கோட்டு பொருந்துறவனுக்குத்தான் இந்த வீட்டுப் பொண்ணு. எங்கப்பா சொன்னது சொன்னதுதான். சண்டை நடந்தப்போ எங்கம்மா பட்டாளத்துக்குத் துணி தைச்சா. குண்டு துளைச்ச கோட்டோட எங்கப்பா வந்து நின்னார். அவ ஒட்டுப் போட்டுக் குடுத்தா. ‘உயிரோட திரும்பினா இதைப் போட்டுட்டு வந்துதான் உன்னைக் கட்டுவேன்’னார்...

— வந்தார், கட்டினார். தொட்டில்ல கிடக்கும்போதே கேட்ட கதை. காதலிச்சது அவங்க ரெண்டு பேரு. அதுக்கு வர்றவன் தோளையெல்லாம் நாம ஏம்மா அளந்துட்டிருக்கணும்?

— நாலெழுத்து படிச்சா வாய் இவ்ளோ நீளுமா?

— பெரியம்மா படிக்கல, வாயும் நீளல. அதான் முப்பது வருஷமா இதே கடைல பட்டன் தைக்கறாங்க. அவங்க ஆசைப்பட்ட பெயிண்டருக்கு ரெண்டு பட்டன் எட்டலன்னு விரட்டினீங்க.

— நானா விரட்டினேன்? எங்கப்பா விரட்டினார். எல்லாத்தையும் என் தலைல கட்டு.

— கோட்டைப் பிரிச்சுக் குடுடின்னு பெரியம்மா உன்கிட்ட கெஞ்சினாங்களா இல்லையா?

— கெஞ்சினா. அதுல கத்திரி படக் கூடாதுன்னேன். படக் கூடாதுதான்.

— நேத்து கோட்டை உள்பக்கம் திருப்பிப் பாத்தேன். பாட்டி போட்டது பச்சை நூல், கைத்தையல். முதுகுல மட்டும் கறுப்பு நூல், மெஷின் தையல். முடியிற இடத்துல மூணு தடவை முன்ன பின்ன ஓட்டியிருக்கு. அப்படி முடிக்கறது யாரு கைன்னு எனக்குத் தெரியாதா?

— எலி கடிச்சிருக்கும். சரி பண்ணியிருப்பேன்.

— எலி கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் நேர்கோடா கடிக்குமாம்மா?

— கத்தித் தொலைக்காதடி.

— அப்பாவுக்காகவா?

— ஆமாடி, உங்கப்பாவுக்குத்தான்! அக்கா ஆளு போய் நாலு வருஷம் ஆச்சு. எனக்குன்னு ஒருத்தர் வந்தப்போ கை தானா கத்திரியை எடுத்துது. போதுமா?

— பெரியம்மாகிட்ட சொன்னியா?

— எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சொல்றது? கொண்டா கோட்டை. உள்மடிப்புல இன்னும் கொஞ்சம் துணி இருக்கு, விட்டுத் தரேன். வாயை மூடிட்டு அவனைக் கூட்டிட்டு வா.

— வேண்டாம். காலைலயே பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டாச்சு. அவர் வீட்டுக்குக் கிளம்பறேன்.

— அடிப்பாவி! அப்புறம் எதுக்குடி என் வாயைக் கிளறின?

— சாட்சி போட்டவங்ககிட்ட நூல் விஷயத்தைச் சொன்னேன். நம்பல. என் தங்கச்சி அப்படிச் செய்ய மாட்டா, அவ வாயால கேட்டாத்தான் நம்புவேன்னாங்க. கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கறாங்க. வழிய விடும்மா. உள்ள வாங்க பெரியம்மா, நான் வரேன்.