விரதமும் ரத்தமும்

இதை எழுதினால் சாமி காரியத்தைக் குறை சொன்னதாகிவிடுமோ என்று பல வருஷம் தயங்கினேன். ஒரு சனிக்கிழமை காலை, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருநெல்வேலிக்கு வரும் பஸ்ஸில், முன் சீட்டில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அக்காவும் அவருடைய மதினியும் பேசிக்கொண்டு வந்தார்கள். பேச்சைத் தொடங்கியது அக்காதான்.

“மாசத்தீட்டு நின்ன பெறவுதான் மதினி எனக்கு ரெத்தம் கொறைஞ்சு போச்சு.”

“ஏட்டி, நின்னா கூடத்தானே செய்யணும்?”

“முன்னால தீட்டு நாள்ல விரதம் கெடையாது, மூணு வேளையும் சாப்பிடுவேன். இப்ப செவ்வா, வெள்ளி, சனி, ஏகாதசி ஒண்ணையும் விடல. பாலும் பழமுந்தான். ரெத்தம் எட்டுதான் இருக்காம். பத்து ஆவாம கர்ப்பப்பை ஆபரேசன் செய்ய முடியாதுன்னு டாக்டரம்மா ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாவ.”

“இத்தன விரதம் சாமியா கேட்டாரு?”

“அவரு எங்க கேட்டாரு. இனி தடையில்லன்னு நாந்தான் சேத்துக்கிட்டே போனேன்.”

“இப்ப என்ன செய்யப் போற?”

“காலைலயே பெருமாள்ட்ட சொல்லிட்டேன். ஆபரேசன் முடியுத வரைக்கும் நான் சாப்பிடுதேன், நீரு பொறுத்துக்கிடும்னு.”

அக்கா மடியிலிருந்த டப்பாவைத் திறந்தார். முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை. கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார்.

இதை வாசிப்பவர்களே, உங்கள் அக்கா தங்கச்சிகளுக்கு ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவர் கும்பிட்டுவிட்டுத்தான் சாப்பிட்டார் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.