பந்து பிடிக்கத் தெரியாத அதிகாரிக்கு ஒரு வரவேற்பு

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் பேரவைத் தலைவர் அருமைநாதன் ஐயா அவர்களே! இத்தனை காலம் எங்கள் பிள்ளைகளை ஓட வைத்து, ஆட வைத்து, இன்று ஓய்வு பெறும் தலைமை அதிகாரி கிறிஸ்தோப்பர் அண்ணை அவர்களே! ஆன்றோரே! பிள்ளைகளின் வேர்வைச் சட்டைகளைத் தோய்த்துத் தோய்த்தே களைத்துப்போன தாய்மாரே! அக்னெஸ் எப்போது முடிப்பாள், சாப்பிட ரோல்ஸ் எப்போது வரும் என்று பின்வரிசையில் காத்திருக்கும் கல்லூரிச் செல்வங்களே! அனைவருக்கும் இந்தச் செயலாளர் அக்னெஸின் அன்பு வணக்கம்.

மொன்றியல் கல்லூரிகளின் தமிழ் மாணவர் விளையாட்டுப் பேரவைக்குப் புதிய தலைமை அதிகாரி தேவை என்று அறிவித்தோம். வந்தவர்களில் கால்பந்தில் கலக்கியவர் இருந்தார். கிரிக்கெட்டில் கொடிகட்டிப் பறந்தவரும் இருந்தார். நாங்கள் யாரைத் தேர்ந்தெடுத்தோம்? பந்து வந்தால் தலையைக் குனியும் தேவிகாவை! டவுன்டவுனில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் நேரலைப் பிரிவை நடத்திய நிர்வாகியை! தேர்வுக் குழுவில் இருந்த கிறிஸ்தோப்பர் அண்ணை தொடக்கத்திலேயே பொங்கினார். "என்ன விசர் வேலை இது? ரீவிக்காரியிட்டையோ பிள்ளையளைக் குடுக்கப் போறியள்?" என்றார். சிரிக்காதீர்கள் அண்ணை, கேட்டது நீங்கள்தான்!

ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தோம்? பெண்கள் கரப்பந்தாட்டத்தை இந்தப் பருவத்தோடு நிறுத்துவது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. ஆடப் பெண்கள் இல்லையா? இருந்தார்கள். ஆசை இல்லையா? அள்ள அள்ளக் குறையாமல் இருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை. வெறுங் கதிரைகளுக்கு எதற்கு மண்டபம் என்று எங்கள் குழுவிலேயே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த வேளையில்தான் தேவிகா நேர்முகத்துக்கு வந்தார். சென்னைப் பெண். மடிக்கணினி நிறையத் திட்டங்கள். "நான் பேசட்டுமா சார்?" என்று பணிவாகக் கேட்டார். யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது அல்லவா? அருமைநாதன் ஐயா திடுக்கிட்டுப் போனார். "ஏன் பிள்ளை பேசப் போறியள்? நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்? ஆறுதலா இருந்து கதையுங்கோ."

தேவிகா விழித்தார். "கதையா சார்? கதையா சொல்லணும்?"

"ஓம், ஓம். கதையுங்கோ!"

எங்கள் ஊரில் கதைப்பது என்றால் உரையாடுவதுதான்; அந்தப் பெண்ணோ மடிக்கணினியை மூடிவைத்தார். மெய்யாகவே ஒரு கதை சொல்லத் தொடங்கிவிட்டார்! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். அந்தப் பிழைக்கு எத்தனை தட்டினாலும் தகும்.

நேர்முகத்துக்கு முந்திய வாரம் அவர் ரொக்ஸ்பரோவில் ஒரு பெண்கள் போட்டியைப் பார்க்கப் போயிருந்தாராம். பிரஷாந்தினி என்ற பிள்ளை, ஒவ்வொரு புள்ளி எடுத்ததும் மண்டபக் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம். ஆட்டம் முடிந்ததும், "யாரைம்மா தேடற?" என்று கேட்டிருக்கிறார். பிள்ளை சொன்னாளாம்: "அம்மாவை. புரோசார்ட்டில கடையில வேலை. சனிக்கிழமை லீவு குடுக்க மாட்டினம். வரமாட்டா எண்டு தெரியும். எண்டாலும் பாக்கிறன்."

கிறிஸ்தோப்பர் அண்ணை விடுவாரா? "அது சரி, உங்களுக்குக் கரப்பந்து விதி தெரியுமோ?"

"தெரியாது சார், கத்துக்கறேன். ஆனா கேமராவை எங்க வைக்கணும்னு தெரியும். அந்தக் கதவுகிட்ட வைப்பேன். அந்தப் பொண்ணு திரும்பிப் பார்க்கும்போது அவங்க அம்மாவைப் பார்க்கணும்."

கட்டிடம் தந்தால் போதுமா? கிண்ணம் தந்தால் போதுமா? கண் தர வேண்டாமா? காணும் கண்களைத் தர வேண்டாமா? அண்ணை மூக்கைச் சிந்தினார். கேட்டதற்குச் சளி, தடிமன் என்றார். நல்ல வெயில் காலத்தில் வந்த தடிமன் அது! தேவிகாவுக்காக முதலில் கையை உயர்த்தியவரும் அவரேதான்.

சென்ற சனிக்கிழமை முதல் நேரலை நடந்தது. நான் புரோசார்ட்டுக்குப் போய், பிரஷாந்தினியின் தாய் நிரஞ்சனி அக்காவின் கடையில் நின்றேன். காசு வாங்கும் மேசையில் கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தார். மகள் புள்ளி எடுத்தாள். பழக்க தோஷம், கதவைப் பார்த்தாள். சின்னத் திரையில் அந்த முகம் நேரே தாயைப் பார்த்தது. "நான் நிக்கிறன் பிள்ளை, நிக்கிறன்!" என்று அக்கா கடை அதிரக் கத்திவிட்டார். வரிசையில் நின்ற ஒரு கியூபெக் அம்மையார் பதறிப்போய், என்ன நடந்தது என்று பிரெஞ்சில் கேட்டார். அக்கா திரையில் விரலை வைத்து, அரைகுறைப் பிரெஞ்சில், "என் மகள்" என்றார். அந்த அம்மையார் சாமான்களைக் கீழே வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க மாட்டேன்.

என்ன கேட்கிறீர்கள் பின்னால்? ஓம் தம்பி, பெண்கள் கரப்பந்து நிற்காது! இந்தப் பருவமும் உண்டு, அடுத்த பருவமும் உண்டு!

தேவிகா, வாருங்கள், எங்கள் பிள்ளைகளை உங்கள் கையில் தருகிறோம். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. இன்றும் நிரஞ்சனி அக்காவுக்கு வேலை. இந்த மேடைக்கு முன்னால் நிற்கும் கமராவின் வழியாகத்தான் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்கா, உங்கள் மகள் முன்வரிசையில் இருக்கிறாள், சாப்பிட்டுவிட்டாள், நாங்கள் எல்லோரும் அவளோடு இருக்கிறோம். உங்களுக்கு இந்த அவையின் வணக்கம்.