சத்யபிரியாவின் மெமரி கார்டு

மார்ச் 14, வெள்ளி. இன்று கம்ப்யூட்டர் வகுப்பில் சுகுணாவின் மெமரி கார்டை ரீடரில் தலைகீழாகச் சொருகிவிட்டேன். உடையவில்லை. ஆனாலும் வகுப்பு முடியும்வரை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றன்றைய தப்பை அன்றன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்பது ஆத்மநாதன் சார் எங்களுக்குப் பழக்கிவிட்ட வழக்கம். நான் ஒருநாளும் தவறியதில்லை. ஒன்றை மட்டும் எழுதாமல் தள்ளிவைத்திருக்கிறேன். அது தப்புதானா என்று இன்னும் முடிவாகத் தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதினால் தெரியலாம்.

எங்கள் மாலை வகுப்பு கீரனூரில் ஒரு தையல் கடையின் மாடியில் நடக்கிறது. பகலில் நான் பம்புசெட் கடையில் பில் போடுகிறேன். வகுப்பில் இருப்பதெல்லாம் எங்கோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்கள். எதிலும் ஹார்டு டிஸ்க் கிடையாது. அதற்கு சார் கண்ட வழி மெமரி கார்டு. கார்டில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, ரீடரில் போட்டுச் சொருகி, பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டர் அந்தக் கார்டிலிருந்தே கிளம்பிவிடும். ஆளுக்கு ஒரு கார்டு. கொடுத்தனுப்பினால் போனில் போட்டுப் பாட்டு ஏற்றிவிடுகிறார்கள் என்று, தையல்காரரிடம் வாங்கிய பட்டன் டப்பாவில் அறைக்கு ஒன்றாக, பெயர் ஒட்டி, வகுப்பிலேயே வைத்திருப்போம். டப்பா என் பொறுப்பு. கார்டு தயாரிப்பதும் நான்தான். நிதானமாகச் செய்கிறேன் என்று சார் கொடுத்த வேலை.

சத்யபிரியா குன்றாண்டார்கோவிலிலிருந்து பஸ்ஸில் வருவாள். கணவர் ரகுநாத் துபாயில். ஒன்றரை வயதில் ஒரு பையன். மாமனார் அடைக்கலம் யோசித்து யோசித்துத்தான் வகுப்புக்கு அனுப்பினார். சேர்ந்த மறுநாள் என்னிடம் வந்து நின்றாள்.

"அரவிந்த் அண்ணே, நேத்து அடிச்சதக் காணோமே. எலி கிலி தின்னுருச்சா?"

அப்படித்தான் பேசுவாள், சிரித்துக்கொண்டே.

அவள் போனபிறகு கார்டைச் சோதித்தேன். தப்பு என்னுடையதுதான். கார்டு தயாரிக்கும்போது, செய்த வேலையைப் பத்திரப்படுத்தக் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டாலும் கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடும். டைப் அடிக்கலாம், சேவ் பண்ணலாம், ஃபைலும் கண்ணெதிரே இருக்கும். அணைத்ததும் எல்லாம் போய்விடும். மறுநாள் அன்றைக்குத்தான் பிறந்தது போல எழுந்திருக்கும். அவள் கார்டுக்கு இடம் ஒதுக்க மறந்திருந்தேன்.

சரிசெய்வது சின்ன வேலை. நாளை செய்யலாம் என்று டப்பாவை மூடினேன்.

மறுநாள் அவள் கேட்டபோது, "நீங்க சேவ் பண்ணியிருக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படி வந்தது என்று தெரியவில்லை. "பண்ணேனே" என்றாள். பிறகு, "பண்ணேன்னுதான் நெனைக்கிறேன்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். அன்று நான் ஒரு தப்பும் செய்யவில்லை. எனக்கு அது புதிது. கடையில் ஒரு பில்லை மூன்று தடவை கூட்டிப் பார்ப்பவன் நான். பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பிப் போகிறவன். நான் என்னைச் சந்தேகப்படுவதைவிட அதிகமாகத் தன்னைச் சந்தேகப்படுகிற ஒருத்தி பக்கத்தில் இருந்தபோது நான் எதையும் திரும்பச் சரிபார்க்கவே இல்லை.

அதனால் கார்டை அப்படியே விட்டேன்.

சுகுணா அவளைக் கேலி செய்வாள். "என்னடி, புருஷன் துபாயில, நெனப்பும் அங்கிட்டே போயிருச்சா?" எல்லாரும் சிரித்தார்கள். சத்யபிரியாவும் சிரித்தாள். பஸ் ஸ்டாண்டில் என்னிடம் மட்டும் சொன்னாள்: அவள் அம்மாவுக்கு நாற்பது வயதிலேயே மறதி வந்துவிட்டதாம். ஒருநாள் இலுப்பூர் சந்தையில், வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாளாம். "எனக்கும் அப்படி வந்துருமாண்ணே?"

எல்லாருக்கும் அப்படி வராது என்றேன். அது உண்மைதான்.

ஒருநாள் சார், "அந்தக் கார்டக் கொண்டா, என்னன்னு பாப்போம்" என்றார். பழுதுள்ள கார்டை அவரிடம் கொடுப்பது சரியாகப் படவில்லை. நல்ல கார்டு ஒன்றில் அவள் பெயரை ஒட்டிக் கொடுத்தேன். அவர் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். ஃபைல் அப்படியே இருந்தது. "கார்டுல ஒண்ணும் இல்லம்மா. கொஞ்சம் கவனமா இருக்கணும்" என்றார். மறுநாள் பழைய கார்டையே டப்பாவில் வைத்தேன்.

அதன்பிறகு அவள் சேவ் பண்ணியதும் உள்ளங்கையில் பேனாவால் 'பண்ணிட்டேன்' என்று எழுதிக்கொள்ளத் தொடங்கினாள். கை கழுவாமல் மறுநாள் வந்தாள். எழுத்து மங்கலாக இருந்தது. ஃபைல் இல்லை. கையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பிறகு கையைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, "எழுதிட்டு பண்ணாம விட்டுட்டேன் போல" என்றாள். அன்றைக்கு நான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டிலும் அது தொடர்ந்திருக்கிறது. அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஏறியபிறகு இறங்கிப் போவாளாம். பையனுக்குச் சோறு ஊட்டிவிட்டு, ஊட்டினோமா என்று தெரியாமல் திரும்ப ஊட்டி, அவன் வாந்தி எடுத்திருக்கிறான். திருச்சியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். நான் செஞ்சதே எனக்கு ஞாபகம் இருக்கிறதில்ல என்று டாக்டரிடம் அவளே சொன்னாளாம். மாத்திரை கொடுத்தார்கள். தூங்கிக்கொண்டே இருக்கிறாள். பையனை இப்போது நாத்தனார் வைத்திருக்கிறாள். சத்யபிரியாவிடம் தனியாக விடுவதில்லை. வகுப்புக்கு வருவது நின்றுவிட்டது.

அவள் வராத நாட்களில் நான் பில்லில் நிறையத் தப்பு செய்தேன். முதலாளி இரண்டு தடவை திட்டினார்.

இன்று மாலை அடைக்கலம் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, அது யார் பேச்சையும் நம்ப மாட்டேங்குது. அரவிந்த் அண்ணன் ஒருத்தர்தான் பொறுமையாச் சொல்லித் தருவாருங்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. மகளோட பழைய லேப்டாப்பு கெடக்கு, டிஸ்க்கு போயிருச்சு. ஒங்க கார்டு போட்டா ஓடுமாம்ல?"

"ஓடும்ங்க."

"தெனமும் ஏதாச்சும் அடிச்சு வைக்கட்டும். அடிச்சத மறக்காம வச்சிருந்துச்சுன்னா, புள்ளைய அது கையில குடுத்துரலாம்னு பாக்குறேன். பய அம்மா அம்மான்னு அழுவுறான் தம்பி."

வருகிறேன் என்றேன். எனக்கும் கஷ்டமாக இருந்தது.

எழுதிப் பார்த்ததில் ஒன்று தெளிவாகிறது. ஆரம்பத்தில் நடந்தது மறதி. அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பிறகு நடந்ததை நான்தான் செய்தேன். ஆனால் அவளுக்குப் பொறுமையாகச் சொல்லித் தர ஒரு ஆள் இருந்தான் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நான் இல்லாவிட்டால் அவள் யாரிடம் போய்க் கேட்டிருப்பாள்?

நாளை செய்ய வேண்டியது: காலை பஸ்ஸில் குன்றாண்டார்கோவில். ரீடர் எடுத்துக்கொள்ள வேண்டும். அவளுக்குப் புதுக் கார்டு ஒன்று தயாரிக்க வேண்டும். திடீரென்று எல்லாம் சரியாகிவிட்டால் அவளால் தாங்க முடியாது. ஆகவே அதிலும் இடம் ஒதுக்க வேண்டாம்.