பதினேழாம் எண் பெட்டி

எனக்கு மேடையில் பேசவே பிடிக்காது. கூப்பிட்டால் மறுப்பதும் இல்லை. அன்றைய சுரங்க விழா அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் நான்கு பட்டங்கள் போட்டிருந்தார்கள். ஐந்தாவதை நானே பேனாவால் சேர்த்தேன்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக என் ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுரங்கத்துக்குள் ஐம்பது சின்னப் பெட்டிகள். கம்பி கிடையாது. ஒவ்வொன்றும் விஷவாயு இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து, பக்கத்துப் பெட்டியிடம் சேதியைக் கொடுக்கும்; அது அடுத்ததிடம் கொடுக்கும்; இப்படியே மேலே வந்து சேரும். நடுவில் ஒரு பெட்டியை எவனாவது கெடுத்துப் பொய் சொல்ல வைத்தால்? அதற்குத்தான் என் விதி. இரண்டு பக்கத்துப் பெட்டிகளும் ஒன்று சொல்லி, மூன்றாவது வேறு சொன்னால், மூன்றாவது பொய்யன். அதன் பேச்சை மற்றவை வாங்காது, சைரனும் அடிக்காது. பன்னிரண்டு வருட உழைப்பு, ஐயா.

விருந்தினர் வருகிறார்கள் என்று சுரங்கச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். சுண்ணாம்பு தெறிக்காமல் புகைப்படத்தில் பெட்டிகள் பளிச்சென்று தெரியட்டும் என்று அவற்றைப் பிளாஸ்டிக் தாளால் பொதியச் சொன்னது நான். விழா தொடங்கியபோதும் கீழே நாலு பேர் தாளைப் பிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பதினாறும் பதினெட்டும் பிரிபடவில்லை.

என் மாணவி என் அக்கா மகள்தான். லேபில் சார், வீட்டில் மாமா. பதினொரு மணிக்கு அவள் கீழே பதினேழாம் பெட்டிமேல் மட்டும் துளி வாயுவைப் பீய்ச்சுவாள், மேலே திரையில் அது பொய்யனாக மாட்டிக்கொள்ளும், விருந்தினர் கைதட்டுவார்கள். ஏற்பாடு அதுதான்.

பத்து ஐம்பதுக்கே மாட்டிக்கொண்டது. கைதட்டலும் வந்தது. கூடவே, என் மேசையில் சுரங்கத் தொலைபேசி அடித்தது.

"மாமா, நான் இன்னும் எதையும் அடிக்கவே இல்ல. பதினேழு நிஜமாத்தான் கத்துது. பக்கத்து ரெண்டும் தாளைப் போத்திக்கிட்டுக் கெடக்கு, அதுங்களுக்கு என்ன தெரியும்? இங்க நாலு பேரும் சுருண்டு விழுந்துட்டாங்க. சைரனை அமுக்குங்க."

வேலை நேரத்தில் அவள் மாமா என்று கூப்பிட்டதே இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

"பெரிய மனுசங்க உக்காந்திருக்காங்கம்மா. ஒரு பத்து நிமிஷம் பொறு."

"விளையாடாதீங்க மாமா. எனக்கே கால் நிக்கல."

சைரன் பொத்தான் கையெட்டும் தூரத்தில், தண்ணீர் டம்ளருக்குப் பின்னால் இருந்தது. அமுக்கினால், பிடிபட்ட பெட்டி உண்மை பேசியது என்றாகிவிடும். அப்புறம் என் விதிக்கு என்ன மரியாதை? ரிசீவரை மெதுவாக வைத்தேன்.

"யாரு?" என்றார் தலைமை விருந்தினர்.

"வீட்டுலேர்ந்து" என்றேன். அதில் பொய் இல்லை.

பதினொன்றேகாலுக்கு, நன்றியுரை முடிந்ததும் அமுக்கினேன். அமுக்கினேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரையும் துணி போர்த்தித்தான் தூக்கி வந்தார்கள். என் ஆராய்ச்சிக் கட்டுரையை அவளுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறேன், தடித்த எழுத்தில்.

என்மேல் தப்பில்லை என்கிறாள் மனைவி. துறைத்தலைவரும் அதையேதான் சொல்கிறார். அக்கா மட்டும் தினமும் போன் பண்ணி, "தெரிஞ்சேதானேடா எம்பொண்ணைக் கொன்ன?" என்கிறாள்.

மூன்றில் ஒருத்தி. நேற்று அவள் நம்பரைத் தடை செய்துவிட்டேன்.