ஐம்பது மில்லி

எங்கள் வீட்டில் துண்டுக் காகிதத்துக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. என் கணவர் வெள்ளைத்துரை சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கிற பிரஸ் வைத்திருந்தார். கலர் சேராமல் கழித்த லேபிள்களைக் கட்டுக்கட்டாக வீட்டில் கொண்டுவந்து போடுவார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதன் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். ‘மதியம் வர மாட்டேன்.’ ‘சட்டையில் பட்டன் இல்லை.’ அவ்வளவுதான்.

சண்டை பெரிய சண்டை இல்லை. சாத்தூரில் என் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போகக் கூடாது, போனால் உனக்கும் எனக்கும் பேச்சு கிடையாது என்றார். நான் போனேன். அவர் சொன்ன சொல் தவறாதவர், ஊரில் அதற்காகவே அவருக்கு நல்ல பெயர். எங்கள் மகள் ஹர்ஷினிக்கு அப்போது ஏழு வயது. அம்மாவைச் சோறு வைக்கச் சொல், அப்பாவிடம் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல் என்று எங்கள் நடுவில் ஓடி ஓடியே வளர்ந்தாள். அவள் சென்னைக்கு வேலைக்குப் போன பிறகுதான் லேபிள். மொத்தம் பத்தொன்பது வருடம்.

போன ஆடியில் ஒரு நாள் காலை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், “பொன்னு, இட்லி பஞ்சு கணக்கா இருக்கு” என்றார். பொன்னுத்தங்கம் என்கிற என்னைத்தான் சொல்கிறார் என்று புரியவே எனக்கு நேரம் ஆனது. அன்றிலிருந்து ஓயாத பேச்சு. மிஷின் ரிப்பேர், ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் திறந்தது, கல்யாணத்தன்று நான் கட்டியிருந்த புடவையின் கரை, எல்லாம் பேசினார். கூட உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார். எனக்கு ஐம்பத்தோரு வயது. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

லீவில் வந்த ஹர்ஷினி, ஓர் இழவு வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்துப் பயந்துபோய் மதுரைக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனாள். நெற்றிக்குப் பின்னால் மூளையில் கட்டி.

ஆபரேஷன் செய்த டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். கட்டி எங்கே முடிகிறது, மூளை எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாதாம். அதனால் மூன்று மணி நேரம் முன்பே ஒரு பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். நீல வெளிச்சம் போட்டுப் பார்த்தால் கட்டி மட்டும் சிவப்பாக மினுங்கும். சிவப்பு இருக்கிற வரை எடுக்கலாம். முழுக்க எடுத்தால் இரண்டு மூன்று வருடம் இருப்பார், நிறைய மிச்சம் வைத்தால் ஆறு மாதம் என்றார். எனக்கு உடனே புரிந்தது. என் அப்பா எம். புதுப்பட்டியில் பட்டாசுக்கு மருந்து கலந்தவர். கலருக்கான உப்பைப் போடாமல் விட்டாலும் மத்தாப்பு எரியும், சிவப்பு மட்டும் வராது.

அவருடைய பேச்சு என்ன ஆகும் என்று கேட்டேன். நான் வேறு மாதிரி கவலைப்படுவதாக டாக்டர் நினைத்துக்கொண்டார்.

“இப்ப பேசுறது அவரு இல்லம்மா, அந்தக் கட்டி. அத எடுத்துட்டா பழைய மனுசனா திருப்பித் தந்துருவோம்.”

ஹர்ஷினி அழுதுகொண்டே கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

ஆபரேஷன் அன்று விடியற்காலை நர்ஸ் யோகலட்சுமி மருந்தைக் கரைத்துச் சின்ன டம்ளரில் கொண்டுவந்தாள். ஐம்பது மில்லி. பக்கத்து அறையில் மணி அடித்தது. குடிக்க வைத்துவிடுங்கள் அம்மா என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது டம்ளர் காலி. நேரத்தைக் குறித்துக்கொண்டாள். அதைக் குடித்தவர் மேல் வெளிச்சம் படக் கூடாது என்றார்கள். திரையை இழுத்து மூடினேன். பெருக்க வந்த பெண் லைட்டைப் போட்டாள், அவளைச் சத்தம் போட்டேன். எடுத்த வேலையை ஒழுங்காகச் செய்வது என் பழக்கம்.

உள்ளே எங்கேயும் சிவப்பு தெரியவில்லை. கண்ணுக்குக் கட்டியாகத் தெரிந்ததை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதைத் தொடப் பயந்து மூடிவிட்டார் டாக்டர்.

என் கணவர் வீட்டுக்கு வந்து மறுபடி பேசினார். மிச்சக் கட்டி கருக ரேடியேஷன் கரண்ட் வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், அதற்கு நடுவிலும் பேசினார். கடைசி மாதம் சொற்கள் குழம்பிவிட்டன. என்னை ‘லேபிள்’ என்று கூப்பிடுவார், நான் என்னங்க என்பேன். மாசியில் போய்விட்டார்.

மருந்தைச் சரியாகக் கரைக்கவில்லை என்று சொல்லி யோகலட்சுமியை முன்பே வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். இப்போது ஹர்ஷினி போலீஸிலும் புகார் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் கைக்குழந்தைக்காரி. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று ஆகக் கூடாதென்றுதான் நானே வந்தேன். ஐந்து மாதம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அப்போதே சொல்லியிருந்தால் மறுபடி மருந்து கொடுத்து, மறுபடி மண்டையைத் திறந்திருப்பார்கள்.

டம்ளர் கைதவறிக் கொட்டியிருக்கலாம் அல்லவா என்றும் கேட்டீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் அப்படி எழுத வேண்டாம். டம்ளர் அவர் கையில் பத்திரமாக இருந்தது. உதடு வரை கொண்டுபோனவர், நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“ஒண்ணு விடாம எடுத்துரச் சொல்லு, பொன்னு. வீம்புல பத்தொம்பது வருசத்தப் பாழாக்கிட்டேன். இன்னும் கொஞ்ச காலம் உங்கூட உக்காந்து பேசணும்” என்றார்.

தூசி கிடக்கிறது என்று சொல்லி டம்ளரை வாங்கினேன். பாத்ரூம் வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு, குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

அப்படிச் சொன்னது அவர் இல்லை, ஐயா. கட்டிதான்.