சிறிலுக்கு வாங்கிய விரிப்பு

கோப்பையை அந்தச் சிறிய தட்டின் மேலேயே வையுங்கள், ஐயா. இந்த மேசை தேக்கு. சூடு பட்டால் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்துவிடும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தமிழ் தெரிந்த இன்ஸ்பெக்டரை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. சிங்களத்திலும் பேசுவேன், ஆனால் எனக்குத் தெரிந்தது கடைச் சிங்களம். அதில் விலை பேசலாம், இதையெல்லாம் சொல்ல முடியாது.

என் கணவர் சிறில் இந்தப் படிக்கட்டில் விழுந்து இறந்ததைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். அவருடைய அக்கா பிறிஜெற் உங்களிடம் வந்திருப்பாள். மச்சாள் பொய் சொல்லுகிறவள் அல்ல, அவள் சொன்னது அத்தனையும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அவளுக்குத் தெரிந்தது அரைவாசிதான். மீதியை நான் சொல்லுகிறேன்.

கீழே என் கடையைப் பார்த்துவிட்டுத்தானே ஏறி வந்தீர்கள். வெள்ளவத்தையில் பரிசுச் சாமான் விற்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. காலி வீதியில் இறங்கினால் கண்ணாடிக் குவளையும் தங்க முலாம் பூசிய யானையும் வேண்டிய மட்டும் கிடைக்கும். என்னிடம் ஆட்கள் வருவது யோசனை கேட்க. புது வீட்டுக் குடிபூரலுக்கு என்ன கொடுக்கலாம், லண்டனிலிருந்து வரும் சம்பந்தி வீட்டுக்கு எது பொருந்தும் என்று கேட்பார்கள். நான் முதலில் அந்த வீட்டைப் பற்றி விசாரிப்பேன். யன்னல் எந்தப் பக்கம், சுவர் என்ன நிறம், வீட்டுக்காரி சமைக்கிறவளா, சமைப்பிக்கிறவளா. அதற்குப் பிறகுதான் ஒரு பொருளைக் கையில் எடுப்பேன். நான் தெரிவு செய்து கொடுத்த பரிசு எதுவும் இன்றுவரை யாருடைய அலுமாரியிலும் தூங்கியதில்லை.

நான் பிறந்தது கொட்டாஞ்சேனையில். அங்கே எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கலியாணத்துக்கு வந்த பரிசைப் பிரிக்காமலே அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, அடுத்த கலியாணத்துக்குத் தூக்கிக் கொடுப்பார்கள். என் அம்மா யாருக்கோ கொடுத்த ஒரு சுவர்க்கடிகாரம் சில வீடுகளைச் சுற்றிவிட்டு என் கலியாணத்துக்கே வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் அம்மா எழுதிய வாழ்த்து அட்டை அப்படியே கிடந்தது. எல்லோரும் வயிறு நோகச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை கை மாறியும் ஒருவர்கூட அந்தக் கடிகாரத்தைத் திறந்து பார்க்கவில்லையே என்றுதான் இருந்தது.

சிறில் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். நல்ல மனிதர். கிறிஸ்மஸைத் தவிர மற்ற நாளில் குடித்ததில்லை. என்மேல் கை நீட்டியதில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நாளைக்கு யாராவது என்மேல் இரக்கப்பட்டு அவரைக் கெட்டவராக்கப் பார்ப்பார்கள். அவருடைய குறை ஒன்றுதான். அவர் எதையும் பார்க்கமாட்டார். நான் புதிதாக ஒரு விளக்கு கொண்டுவந்து வைத்து, எப்படி என்று கேட்டால், பேப்பருக்குப் பின்னாலிருந்து “நல்லா இருக்கு” என்பார். யன்னல் திரைச்சேலைக்கும் நல்லா இருக்கு, சுவருக்கு நிறம் மாற்றினாலும் நல்லா இருக்கு. ஒருமுறை வீட்டில் கிடந்த பழைய தண்ணீர்க் கூசாவையே துடைத்து, புதிது என்று காட்டிப் பார்த்தேன். அதுவும் நல்லா இருந்தது.

இந்த மேல்வீட்டை நான் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து முடிக்க ஒரு ஆயுள் போயிற்று. விளக்கைக் கடைத் தட்டில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் விளங்காது, அது ஒரு கதிரைக்குப் பக்கத்தில் எரிய வேண்டும். அதனால் ஆட்களை மேலே கூட்டிவந்து காட்டுவேன். நாங்கள் சாப்பிட்டதும் படுத்ததும் எல்லாம் வந்தவர்கள் பார்க்கும்படியாகத்தான். இந்த வீடுதான் என் தொழில், இதைவிட வேறு ஒன்றும் எனக்கு இல்லை. பிள்ளைகளும் இல்லை.

பிறகு அவருக்குச் சீனி வருத்தம் கண்ணில் இறங்கியது. முதலில் பேப்பர் போயிற்று, பிறகு முகங்கள் போயின, கடைசியில் எல்லாமே வெறும் புகை. கடும் நிறங்கள் மட்டும் கொஞ்சம் தெரியும் என்று டொக்டர் சொன்னார். இந்த வீட்டில் கடும் நிறம் கிடையாது. வெள்ளை, சாம்பல், மரத்தின் நிறம், அவ்வளவுதான். படிக்கட்டும் மெழுகிய சாம்பல் சீமெந்து. முன்பு அதில் ஒரு மரக் கைப்பிடி இருந்தது, கழற்றிவிட்டுக் கண்ணாடித் தடுப்பு போட்டேன். அது அவருக்குக் கண் நன்றாகத் தெரிந்த காலத்தில் நடந்தது, அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பிறிஜெற் மருதானையில் போய் ஒரு சுருள் மஞ்சள் நாடா வாங்கி வந்தாள். வேலைத்தளங்களில் ஒட்டுவார்களே, அந்த ரகம். மேல் தளம் முடிந்து படி இறங்கும் விளிம்பில் அகலமாக ஒட்டினாள். குளியலறை வாசலிலும் ஒட்டினாள். பிறகு தம்பியின் கையைப் பிடித்து நடத்திப் பழக்கினாள்.

“மஞ்சள் தெரியிற வரைக்கும் பயமில்லாம நட தம்பி. மஞ்சள் வந்தா நில். கால் நுனியால தட்டிப் பாத்திட்டு இறங்கு.”

அவர் சின்னப் பிள்ளை மாதிரித் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினார். அக்காவும் தம்பியும் சிரித்துக்கொண்டார்கள். நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைக்கு வந்த ஒரு பெண் கேட்டாள், “படியில என்ன அன்ரி, ரிப்பெயார் வேலை நடக்குதோ?” ஓம் என்று சொல்லிவிட்டேன். அன்று அவள் ஒன்றும் வாங்காமல் போனாள். அதற்குப் பிறகு ஆட்கள் வருகிற நாட்களில் நாடாவைக் கழற்றிவிடுவேன். அந்த நாட்களில் நானே அவருடைய கையைப் பிடித்து இறக்குவேன், அதில் குறை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிறிஜெற் வருவாள், வாய் திறக்காமல் புது நாடா ஒட்டுவாள். நானும் வாய் திறக்கமாட்டேன். மச்சாளும் நானும் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை.

இனி அருந்ததி வந்த நாளைச் சொல்ல வேண்டும். அவள் அழகான வீடுகளைப் படம் பிடித்து இணையத்தில் போடுகிறவள். பெரிய பெரிய வீடுகளுக்கெல்லாம் போயிருக்கிறாள், என் வீட்டுக்கும் வரமாட்டாளா என்று நெடுநாள் காத்திருந்தேன். நாடாவைக் கழற்ற இருந்த நேரத்தில் அவள் முந்தியே வந்துவிட்டாள். அறை அறையாக வீடியோ எடுத்தாள், சாடியை எடுத்தாள், விளக்கை எடுத்தாள். சிறில் யன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நல்ல மனதுடன்தான் அவரிடமும் கேட்டாள்.

“அங்கிள், இந்த வீட்டில உங்களுக்குக் கூடப் பிடிச்சது என்ன?”

அவர் சந்தோஷமாகச் சொல்லத் தொடங்கினார். அந்த மெரூன் நிற சோபா, கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் ரோசாப் பூ, யன்னலில் தொங்கும் லேஸ். நாங்கள் கலியாணம் முடித்த புதிதில் இருந்த சாமான்கள் அவை. நான் அவற்றைத் தூக்கிக் கொடுத்து எத்தனையோ காலம். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்த எதையும் அவர் பார்த்ததில்லை என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. கண் தெரிந்த காலத்திலேயே அவர் பார்க்கவில்லை. அருந்ததி என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்துச் சமாளித்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை.

“இப்ப எனக்குத் தெரியிறது ஒண்டே ஒண்டுதான் மகள். அக்கா ஒட்டின மஞ்சள். என்னைக் கேட்டா, இந்த வீட்டிலயே வடிவான சாமான் அதுதான்.”

அவளோடு வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அருந்ததி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவர் பேசியதை மட்டும் தனியாக வெட்டி இணையத்தில் போட்டாள். ஊர் உலகமெல்லாம் அதைப் பார்த்து உருகியது. கனடாவிலிருந்து கூட எழுதினார்கள், அந்த அங்கிள் எவ்வளவு தங்கமானவர் என்று. என் விளக்கைப் பற்றியோ என் சாடியைப் பற்றியோ யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆட்கள் கடைக்கு வந்து, அந்த மஞ்சள் நாடாவைப் பார்க்கலாமா என்று கேட்டார்கள்.

அன்று எனக்கு அவர்மேல் வெறுப்பு வந்தது. கோபம் என்று எழுதாதீர்கள். கோபம் ஆறிவிடும்.

அவருடைய பிறந்தநாள் வரப்போகிறது என்பதால் ஒரு பரிசு தெரிவு செய்ய உட்கார்ந்தேன். யாருக்குப் பரிசு தெரிவு செய்தாலும் நான் கேட்கும் கேள்விதான். இந்த ஆளுக்கு எது பிடிக்கும், எது தேவை, எந்த இடத்தில் வைப்பார். சிறிலுக்கு மஞ்சள் பிடிக்கும். ஆகவே படிக்கட்டுக்கு ஒரு நீள விரிப்பு நெய்யக் கொடுத்தேன். கைத்தறி. முழுவதும் சாம்பல், மேல் தலைப்பில் மட்டும் ஒரு மஞ்சள் பட்டி. நாடாவில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்து, அதே மஞ்சள் வரவேண்டும் என்று சொன்னேன். இரண்டாம் தரம்தான் நிறம் சரியாக வந்தது.

பிறந்தநாளன்று அவர் அதைப் பல்கனி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். ஐயா, அவர் பார்த்தார். பேப்பர் இல்லை, அவசரம் இல்லை, ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தார்.

“எனக்காகவா எடுத்தனீர்?”

“ஓம். உங்களுக்காகத்தான்.”

“முதல் தரமா நீர் எனக்குத் தெரியக்கூடிய சாமான் ஒண்டு வாங்கித் தந்திருக்கிறீர், ஷெரோமி.”

அவர் அழுதார். நான் அவருடைய கண்ணைத் துடைத்துவிட்டேன், அதை மறைக்கத் தேவையில்லை. பிறிஜெற்றுக்கு ஃபோன் எடுத்து, இனி நாடா தேவையில்லை, ஷெரோமி அதைவிட நல்ல மஞ்சள் வாங்கித் தந்திருக்கிறா என்று பெருமையாகச் சொன்னார். மச்சாள் எனக்கும் நன்றி சொன்னாள். எல்லாவற்றையும் இத்தோடு விட்டுவிடலாமா என்று அப்போது யோசித்தேன். ஆனால் விரிப்பு ஏற்கெனவே ஒரு படி குறைவான அளவில்தான் நெய்யப்பட்டிருந்தது.

அதைத்தான் பிறிஜெற் கண்டுபிடித்தாள். செத்த வீட்டுக்கு வந்தவள் மேல் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தாள். நாடா இல்லை. தளத்தை அடுத்த படியும் வெறுமையாக இருந்தது. விரிப்பு அதற்கும் அடுத்த படியில்தான் தொடங்குகிறது. பதிக்க வந்தவர் நான் காட்டிய இடத்தில் பதித்தார், அந்த மனிதரைத் தொந்தரவு செய்யாதீர்கள். மேலே நின்று பார்த்தால் சாம்பல் தளம், சாம்பல் படி, அதன் பிறகு மஞ்சள். நமக்கு நடுவில் இறக்கம் தெரிகிறது. சிறிலுக்கு மஞ்சள்வரை ஒரே தளம்.

நாடாவை நான் கழற்றியது விரிப்புப் பதித்த அன்று, அவர் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த நேரத்தில். தலைமயிர் காயவைக்கும் கருவியால் சூடு காட்டினால் பசை இளகிவிடும், சீமெந்தில் கறை நிற்காது. படியடியில் ஒரு பெரிய மண்சாடி இருந்தது. அதையும் அன்றே தூக்கி யன்னலோரம் வைத்தேன். நீங்கள் அதைக் கட்டாயம் கேட்பீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். அது கையால் வனைந்த சாடி, உடைந்தால் அப்படி இன்னொன்று கிடைக்காது. அவரை விழுத்த வேண்டும் என்று நினைத்துத்தான் சாடியை எடுத்தேன். ஆம், நான்தான் கொன்றேன். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

சவப்பெட்டியையும் நானே தெரிவு செய்தேன். பித்தளைப் பிடி வைத்த பெட்டியைக் காட்டினார்கள், வேண்டாம் என்றேன். கறுப்புப் பிடி, உள்ளே வெறும் வெள்ளைத் துணி. எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

விரிப்புப் பதித்த மறுநாள் காலையில் நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நான் கீழே கடை மேசையில் தேநீர் வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். அவர் மேலே படி விளிம்புக்கு வந்து நின்றார். கண்ணாடியில் கை வைக்கவில்லை. கை பட்டால் அடையாளம் விழும் என்று நான் சொல்லிச் சொல்லி அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தலையைச் சரித்துத் தேடினார்.

“ஷெரோமி, மஞ்சள் எங்க?”

“நேர முன்னாலதான். வாங்கோ.”

அவர் என் குரலை நம்பி நடந்தார். இதையெல்லாம் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் நான் அவருக்குப் பொய் சொன்னதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். கட்டியவருக்கு நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அவர் மஞ்சள் எங்கே என்று கேட்டார், இருந்த இடத்தைச் சொன்னேன். படி எங்கே என்று அவர் கேட்கவே இல்லை.